எருமை இன்னும் லிஃப்ட்டில்தான் இருக்கிறது

பிப்ரவரி 6

அன்புள்ள சுண்டு,

உறையின் பின்னால் இருக்கும் விலாசத்தைப் பார்த்துவிட்டு யாரோ எவரோ என்று தூக்கிப் போட்டுவிடாதே. அது எருமை வேஷம் போடுபவரின் வீட்டு விலாசம். பதில் எழுதுவதானால் அங்கேயே எழுது. என் போனை உன் அண்ணன்தான் எடுக்கிறார். எனக்கு வரும் கடிதங்களையும் அவர்தான் பிரிக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. "நீ எழுதுற வேலையை மட்டும் பாரு, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்பார். மற்றது என்பதில் நீயும் சேர்ந்துவிட்டாய்.

நீ இந்த வீட்டை விட்டுப் போனபிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். வழக்கமான கூத்துதான். முதலில் நான் 'லிஃப்ட்டில் எருமை'யை வாசித்துக் காட்டுவேன். எருமை லிஃப்ட்டுக்குள் நுழைகிறது, கதவு மூடிக்கொள்கிறது, திரும்ப இடமில்லை, பின்னால் நடக்கவும் அதற்குத் தெரியாது, அதனால் அங்கேயே நின்று ஏறுகிறவர்களிடமெல்லாம் மரியாதையாக "எந்த மாடி?" என்று கேட்கிறது. அந்த இடம் வந்ததும் மொத்த வகுப்பும் என்னோடு சேர்ந்து "எந்த மாடி?" என்று கத்தும். உடனே வேஷக்காரர் உள்ளே வந்து ஆடுவார். அதன்பிறகு கேள்வி நேரம். எருமை என்ன தின்னும், எங்கே கக்கா போகும், இரண்டும் நிச்சயம். பதில்கள் எனக்கு மனப்பாடம்.

இந்த முறை முழங்காலில் பிளாஸ்திரி போட்ட ஒரு பெண் எழுந்தாள். ஒரு கையில் நம் முதல் புத்தகம், இன்னொரு கையில் ஏழாவது. "இதுல எருமைக்கு முதுகுதான் தெரியுது, மூஞ்சி கண்ணாடியில தெரியுது. இதுல மூஞ்சி நேரா நம்மளப் பார்க்குது. அப்போ அது திரும்பிடுச்சு. திரும்ப முடிஞ்சா அது ஏன் வெளிய வரல?" என்றாள்.

நான் அவள் கையிலிருந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பின்வரிசையில் நின்ற உன் அண்ணன்தான் காப்பாற்றினார். "அதுக்கு லிஃப்ட்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு பாப்பா." அவள் அவரைத் திரும்பிப் பார்த்து, "அது சொல்லிச்சா?" என்றாள். டீச்சர் அவசரமாகக் கைதட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதற்கு உன்னிடம் பதில் இருக்குமோ என்றுதான் எழுதுகிறேன். வேறு யாரைக் கேட்பேன்?

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி,

கடிதம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு என் கணக்கில் ஒரு நல்ல பென்சில் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

பதில் என்னிடம் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னேன். உங்களுக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இரண்டாவது புத்தகத்தின் அட்டையில் எருமை முகத்தை நேராகக் காட்டச் சொல்லி பதிப்பாளர் வந்திருந்தார். பொம்மை செய்யவேண்டும், முதுகை வைத்துப் பொம்மை விற்காது என்றார். முகம் இந்தப் பக்கம் வந்தால் எருமை திரும்பிவிட்டது என்று அர்த்தம், திரும்ப முடிந்தால் கதையே கிடையாது என்றேன். "குழந்தைங்களுக்கு அவ்வளவெல்லாம் தெரியாதும்மா" என்றார் அவர். "ஒரு படம்தானே, திருப்பிப் போட்டுக் கொடுத்துடு" என்றான் அண்ணன். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தட்டில் இருந்த சோற்றைப் பருக்கை பருக்கையாகத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாளே நான் கிளம்பிவிட்டேன், முகத்தை வேறு யாரோ வரைந்து கொடுத்தார்கள்.

அண்ணன்மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அது வியாபாரம். உங்களுக்கு அப்படி இல்லை. நாம் எப்படி வேலை செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் தாளை மடித்துக் குட்டிப் புத்தகம் செய்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி எழுதித் தருவீர்கள். ஒரே ஒரு இரட்டைப் பக்கத்தில் மட்டும் ஒரு சொல்லும் இருக்காது. "இது உன் பக்கம். என்ன வரையப்போறேன்னு நான் கேட்க மாட்டேன்" என்பீர்கள். லிஃப்ட்டின் பின்சுவரில் கண்ணாடி மாட்டி எருமையின் முகத்தை அதில் காட்டியது அந்தப் பக்கத்தில்தான். விருது கொடுத்தவர்கள் பேசியதும் அதைப் பற்றித்தான். மேடையில் அதைச் சொன்னபோது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடித்த கை மேஜையில் எங்கே போனது?

நான் இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளுக்குக் காட்ட உள்ளுறுப்புகளைப் படமாக வரைந்து கொடுக்கும் வேலை. என் பித்தப்பைக்கு இங்கே நல்ல பேர். யாரும் அதைத் திருப்பிப் போடச் சொல்வதில்லை.

என் அறையை என்ன செய்தீர்கள்?

சுண்டு


மார்ச் 2

அன்புள்ள சுண்டு,

திட்டியாவது எழுதினாயே. வேஷக்காரர் உன் கடிதத்தை எருமைத் தலைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வியர்வையில் நனைந்து மை கொஞ்சம் கலங்கியிருந்தது. "சோற்றைப் பருக்கை பருக்கையாக" என்ற இடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சண்டை வந்தால் வாயடைத்துப் போகிற ஜென்மம் நான். கல்யாணத்துக்கு முன்னால் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான். தப்பைச் சுற்றி வட்டம் போடுவேன், யார் செய்தது என்று கேட்டால் தெரியாது என்பேன்.

உன் அறையைக் கேட்டாய். சொல்கிறேன், ஆனால் நீ சிரிக்கக் கூடாது. அது இப்போது லிஃப்ட்.

போன வருஷம் விருதுக்குப் பத்து வருஷம் ஆனதைக் கொண்டாட உன் அண்ணன் எனக்குக் கொடுத்த பரிசு. என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆள் வைத்து வேலை செய்து, கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். சுவர் முழுக்க ஸ்டீல் மாதிரி தகடு. முன்பக்கம் இரண்டாகப் பிரிந்து ஓடும் கதவு, அதில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம். உள்ளே மாடி நம்பர் போட்ட பொத்தான்கள், அழுத்தினால் விளக்கு எரியும், எங்கேயும் போகாது. பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. நடுவில் என் மேஜை. ஜன்னல் இருந்த இடமே தெரியவில்லை. "லிஃப்ட்டுக்கு ஏதும்மா ஜன்னல்?" என்றார். எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. எப்படி வேண்டாம் என்பது? நன்றாக இருக்கிறது என்றேன்.

காலையில் டீ குடித்ததும் உள்ளே போவேன். யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவரே வெளியிலிருந்து பொத்தானை அழுத்திக் கதவை மூடுவார். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களிலிருந்து குழந்தைகள் வருவார்கள். நான் எழுதுவதை அந்தச் சதுரம் வழியாகப் பார்ப்பார்கள். நான் எழுதுவது போல இருப்பேன்.

விஷயம் இதுதான். பத்தாவது புத்தகத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. எருமை லிஃப்ட்டிலேயே கடலுக்குப் போயாயிற்று, நிலாவுக்குப் போயாயிற்று, போன புத்தகத்தில் டாக்டரையும் பார்த்தாயிற்று. பத்தாவது புத்தகம் வெளியாகும் விழாவில், மேடையிலேயே இன்னும் பத்துப் புத்தகங்களுக்கு நான் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன் சுண்டு. எருமையை விட்டு நான் வெளியே வருவதற்குள் எனக்குக் கண் தெரியாது.

அதை வெளியே விட்டுவிடலாம் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கோபப்படவில்லை. சிரித்தார். "வெளிய விடறதுன்னா எப்படி? அதுக்குத் திரும்பவும் தெரியாது, பின்னால நடக்கவும் தெரியாதுன்னு நீதானே எழுதின?" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "இந்த வீடே அது முதுகு மேலதாம்மா நிக்குது" என்றார். அவர் வேலையை விட்டது இதற்காகத்தான் என்பது உனக்கும் தெரியும். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இருந்த அடுக்குமாடியின் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டதே அவர் வாங்கிய பீரோதானே. இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் கட்டிடமே அந்தப் பீரோவோடு ஏறி இறங்க, அதைப் பார்த்துவிட்டுத்தானே நாம் எருமையைக் கண்டுபிடித்தோம். "பீரோ வாங்கினது நான்" என்று இன்றைக்கும் எல்லா மேடையிலும் சொல்கிறார்.

பத்தாவதை நீ வரைந்து தருவாயா? நீ இருந்தால் எனக்கு ஒரு வழி தோன்றும் என்று நினைக்கிறேன்.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

சிரிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை.

வரைய மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வழி தோன்றுவதற்காக நான் பத்து மணி நேரம் ரயிலில் வரவேண்டும், அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டும், பதிப்பாளர் "வாம்மா, கோபமெல்லாம் தீர்ந்துச்சா" என்று கேட்பதற்குப் பல்லைக் காட்டவேண்டும். பிறகு அவர்கள் ஏதாவது சொல்வார்கள், நீங்கள் சோற்றைத் தள்ளுவீர்கள். ஒருமுறை பட்டது போதும்.

அந்த அறைக்கு ஜன்னலை எடுத்துவிட்டான் என்று படித்தபிறகு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் எருமையின் வாலை வரைந்தேன். அண்ணனிடம் சொல்லத் தைரியம் இல்லை என்றால் என்னிடம் எழுதி என்ன பிரயோஜனம்? நான் ஒன்றும் உங்கள் கண்ணாடிச் சதுரத்தில் எட்டிப்பார்க்கும் பிள்ளை இல்லை, நின்று வேடிக்கை பார்க்க.

வேஷக்காரர் இரண்டு பக்கமும் தபால் சுமக்கிறாரே, அவருக்காவது சொல்லுங்கள், இனி சிரமம் வேண்டாம் என்று.

சுண்டு


ஏப்ரல் 1

சுண்டு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இன்றைய தேதியைப் பார்த்து விளையாட்டு என்று எண்ணிவிடாதே.

சனிக்கிழமை காலையில் உன் அண்ணன் கதவை மூடிவிட்டு அச்சகத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. கதவு கரண்ட்டில் ஓடுவது. கூரையில் இருக்கும் பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தது, காற்று நின்றுபோனது. முதலில் நான் அலட்டிக்கொள்ளவில்லை. பிறகு புழுங்க ஆரம்பித்தது. கதவின் நடுவில் விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தேன், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். தட்டினேன். வீட்டில் யாரும் இல்லை.

அப்போதுதான் குழந்தைகள் வந்தார்கள். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடம் வருவதாக ஏற்பாடு. வேஷக்காரர் வாசலில் நின்று அவர்களை உள்ளே அழைத்து வந்திருக்கிறார். அந்தச் சதுரத்தில் ஒரு முகம் தெரிந்தது, பிறகு இரண்டு, பிறகு அடுக்கடுக்காக. எனக்கு உயிர் வந்தது. கண்ணாடியில் வாயை வைத்து, "கதவைத் திறங்க, கரண்ட் இல்ல, என்னால வெளிய வர முடியல" என்று கத்தினேன்.

அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் "எந்த மாடி?" என்று கத்தினான். உடனே எல்லோரும். "எந்த மாடி? எந்த மாடி?" நான் கையை ஆட்டினேன், அவர்களும் ஆட்டினார்கள். நான் கதவை இரண்டு கையாலும் அடித்தேன், அவர்கள் தாளம் போட்டார்கள். டீச்சர் குழந்தைகளை விலக்கிவிட்டு வந்தார், அப்பாடா என்று நினைத்தேன். அவர் என்னை போட்டோ எடுத்தார். எடுத்துவிட்டு, "எவ்வளவு தத்ரூபமா நடிக்கறாங்க பாருங்க" என்று குழந்தைகளிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தால் பின்சுவர்க் கண்ணாடியில் நான். தலை கலைந்து, முகமெல்லாம் வேர்த்து, வாய் திறந்து. எனக்கு முன்னால் அந்த முகம், முதுகுக்குப் பின்னால் அவர்கள். நீ வரைந்த பக்கமேதான். அதில் எருமையின் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்கிற மாதிரி வரைந்திருந்தாயே, அது சிரிப்பே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

வேஷக்காரருக்கு மட்டும்தான் புரிந்தது. அவருடைய வேஷத்துக்கு ஜிப் முதுகுப் பக்கம். யாராவது இழுத்துவிட்டால்தான் அவரும் வெளியே வரமுடியும். தலையைக்கூடக் கழற்றாமல் தெருவில் அச்சகம் வரைக்கும் ஓடியிருக்கிறார். தெருவில் நாய்களெல்லாம் அவர் பின்னால் ஓடினவாம்.

உன் அண்ணன் பதறிப்போய் வந்தார். கம்பியை விட்டு நெம்பிக் கதவைத் திறந்தார். "ஒண்ணும் ஆகலையே, ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் கொடுத்தார், விசிறிவிட்டார். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. குழந்தைகள் போனபிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. கரண்ட்டெல்லாம் நான் சரி பண்ணிடறேன். வாராவாரம் இதை மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் செஞ்சா என்ன?"

நான் என்ன சொன்னேன் என்று கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். யோசிக்கிறேன் என்றேன்.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

உடனே பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் ஏற்றுவதற்கென்று ஒரு லிஃப்ட் இருக்கிறது. வருஷக்கணக்கில் அதில்தான் என் மாடிவரை ஏறி இறங்குகிறேன், ஒரு பக்கக் கதவைத்தான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு வார்டு பையன் ஒரு பெரியவரைப் படுக்கவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். தலை முன்னால், கால் பின்னால். இடமே இல்லை, நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இதை எப்படித் திருப்புவான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என் மாடியைத் தாண்டி மேலே போனதும் எதிர்ப்பக்கச் சுவர் திறந்தது. அவன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு நேராகப் போய்விட்டான்.

அண்ணி, சில லிஃப்ட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு. உள்ளே போனது திரும்பவேண்டியது இல்லை, பின்னால் நடக்கவேண்டியதும் இல்லை. அப்படியே முன்னால் நடந்தால் போதும்.

நான் அந்த லிஃப்ட்டைவிட்டு இறங்காமலே இரண்டு தடவை போய் வந்தேன். வார்டு பையன் "அக்கா, உங்களுக்கு எந்த மாடி?" என்று கேட்டான். அவனுக்கு நம் புத்தகமெல்லாம் தெரியாது.

நாம் ஏன் இதை யோசிக்கவில்லை என்று பார்த்தேன். என்னால்தான். பின்சுவரில் கண்ணாடியை மாட்டியது நான். அது அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால் அந்தச் சுவரை ஒருத்தரும் தொடவே இல்லை. விருது வேறு கொடுத்துவிட்டார்கள். விருது வாங்கிய சுவரில் யார் கதவு வைப்பார்கள்?

இப்போது இன்னொன்று. என் அறையின் பின்சுவரில் ஒரு கதவு இருந்தது. தூரிகை கழுவ அதன் வழியாகத்தான் பின்படிக்குப் போவேன். படியில் தண்ணீர் சிந்துகிறேன் என்று நீங்கள் சண்டை போட்டிருக்கிறீர்கள். அண்ணன் கண்ணாடி மாட்டியிருப்பது அந்தச் சுவரில்தான். அவன் கதவைப் பெயர்த்தெடுத்து, செங்கல் வைத்துப் பூசி அடைக்கிற ஆள் இல்லை. அவ்வளவு வேலைக்கு அவனுக்குப் பொறுமை கிடையாது. பலகை அடித்து மேலே கண்ணாடியை மாட்டியிருப்பான். பின்படிக்குப் போய் வெளியிலிருந்து பாருங்கள், கதவு இருக்கிறதா என்று. இருந்தால், தாழ்ப்பாள் உள்பக்கம்தான். கொஞ்சம் தூக்கி இழுக்கவேண்டும். கீழே ஓரத்தில் ஒரு உதை விட்டால்தான் வரும்.

திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சுண்டு


ஏப்ரல் 21

அன்புள்ள சுண்டு,

இருக்கிறது.

தினமும் துணி உலர்த்த அந்தப் படியில்தான் ஏறுகிறேன். அந்தக் கதவைத் தோளால் உரசிக்கொண்டே போகிறேன். நீ தூரிகையை உதறிய நீலம் இன்னும் அதில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது அது உன் பழைய கதவு. உள்ளே இருக்கும்போது அது சுவர். இரண்டும் ஒன்று என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. உன் கடிதம் கையில் இருக்க, ஈரத் துணி வாளியோடு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சமையலறையிலிருந்து ஸ்குரூ டிரைவரைப் புடவையில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். உன் அண்ணன் வழக்கம்போல் வெளியிலிருந்து கதவை மூடினார். "இன்னைக்காவது ஏதாவது எழுது" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கீழே சாய்த்து வைக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. பின்னால் பலகை, நீ சொன்னபடிதான். பலகையையும் கழற்றினால் தாழ்ப்பாள். தூக்கி இழுத்தேன். உதைத்தேன். என் வாழ்க்கையில் நான் எதையும் உதைத்தது கிடையாது சுண்டு. இரண்டாவது உதையில் திறந்தது. வெளிச்சம் மேஜைவரை வந்து விழுந்தது.

அப்படியே முன்னால் நடந்தேன். படியிறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து மணியடித்தேன். உன் அண்ணன் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். திரும்பி, மூடியிருக்கும் லிஃப்ட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ உள்ளே இல்லையா?"

"இல்லைங்க."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். பிறகு, "கதவு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே, நானே வெச்சுக் கொடுத்திருப்பேனே" என்றார். "கதவு ஏற்கனவே இருந்ததுங்க. நீங்கதான் கண்ணாடி மாட்டினீங்க" என்றேன். சண்டைக்குச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது. பாவம், அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் தட்டைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன்.

பத்தாவது புத்தகத்தை அன்றைக்கே எழுதி முடித்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன். பின்சுவர் திறக்கிறது, எருமை முன்னால் நடக்கிறது. பதிப்பாளர் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார். "பிரமாதம். வெளிய போகட்டும், ஊர் சுத்தட்டும். ஆனா கடைசிப் பக்கத்துல லிஃப்ட்டுக்குள்ள வந்து நின்னுடணும். இல்லன்னா அடுத்த பத்துக்கு எங்க போறது?" உன் அண்ணன் என்னைப் பார்த்தார். பார்த்தாயா, வெளியே விடுகிறார்கள், ஆனால் கயிற்றை இவர்கள் கையில் வைத்துக்கொண்டுதான். அந்த அறைக்கு வெளியேயும் ஒரு அறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கத்தத் தெரியாது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கடைசி இரட்டைப் பக்கத்தில் எழுதியிருந்த ஒரே வரியையும் அடித்துவிட்டு வெறுமையாகக் கொடுத்தேன். "இங்க வார்த்தை வேண்டாம், படம் பேசட்டும்" என்றேன். அவர் மகிழ்ந்துபோனார். எருமை திரும்பி வந்து நிற்பதை அந்தப் படம் காட்டும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். "படத்தை யார் போடப் போறாங்கன்னு நான் சொல்றேன்" என்று உன் பேரைச் சொன்னேன். பழைய ஜோடி மறுபடி சேர்கிறது என்றால் விளம்பரம் நன்றாக இருக்கும் என்று தலையாட்டினார். உன் அண்ணன் மட்டும் அந்த வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய பக்கம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் முதல் தடவையாக அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் எருமை நின்றால் நான் மேடையில் கையெழுத்துப் போடுவேன், உயிர் இருக்கும்வரை எழுதுவேன். நிற்காவிட்டால் கையெழுத்துப் போட அவர்களிடம் எதுவும் இருக்காது. நீ மாட்டேன் என்றால் வேறு யாராவது நிற்கவைத்துவிடுவார்கள். என்ன வரையப்போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். அது உன் பக்கம்.

மடித்த குட்டிப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பவில்லை. நானே எடுத்து வருகிறேன். உன் அண்ணன் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றார், எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டார். போகிற டிக்கெட் மட்டும் போதும் என்றேன். வேஷக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், வேஷம் இல்லாமல்.

உன் விலாசத்தில் தெருவும் கட்டிட நம்பரும்தான் இருக்கின்றன. எந்த மாடி?

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணி,

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மெதுவாக ஏறி வாருங்கள்.

சுண்டு